கை அகல ஜன்னல்

கனடாவில, ஸ்காபரோக் கடையொண்டில சம்பளத்துக்கு நிண்டு கட்டட வேலைக்காரருக்கு ஹீட்டர் வாடகைக்குக் குடுக்கிறதுதான் என்ர தொழில். குளிர் கூடக்கூட வாறவையின்ர காது அடைச்சுப் போற தொழில். என்னைப்போலக் கவுன்டருக்குப் பின்னால நிண்டு வாய் நோகச் சொன்ன ஆக்களுக்கு இது விளங்கும்.

வெள்ளைத் தூள்

சிவம் அண்ணை வீடுகளுக்கு அடியில பேஸ்மென்ற் அறை கட்டிக் குடுக்கிறவர். ரூஜ் பக்கம் ஒரு வீட்டில கொங்கிறீற் நிலம் போட ஹீட்டர் கேட்டு வந்தார். ஒரு சாதி ஹீட்டர் சூட்டோட புகையையும் உள்ளுக்கே விடும். மற்றது வெளியில நிண்டு குழாயால சூட்டை மட்டும் அனுப்பும். காயாத பச்சைக் கொங்கிறீற்றுக்குப் புகை ஆகாது, மேல்பக்கம் தூளாப்போகும், குழாய் ஹீட்டரை எடுங்கோ எண்டன். மனிசன் மலிவானதைக் கொண்டு போனார். ஒரு கிழமையில முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். "தம்பி, கூட்டக் கூட்டத் தூள் வருது. நான் போட்டது நிலமோ, புட்டு மாவோ?"

வெளிக்கும் சூடு

அடுத்தது வோபர்னில சுவர் பூச்சு வேலை. புத்தி வந்து, குழாய் ஹீட்டரே கேட்டார். அண்டைக்கெண்டு பார்த்து ஒண்டும் இல்லை, திங்கட்கிழமைதான் திரும்பி வரும். வீட்டுக்காரர் பிடரியில நிக்கினம், ஏதாவது தாரும் எண்டார்.

இல்லையெண்டு சொல்லியிருக்க வேணும். நான் சொல்லேல்லை. புகை விடுறதையே தூக்கிக் குடுத்து, ஒரு ஜன்னலைக் கை அகலத்துக்கெண்டாலும் திறந்து வையுங்கோ, இல்லாட்டிப் புகை ஆளைக் கொண்டுபோடும் எண்டன். அண்ணை சிரிச்சார். "ஹீட்டரும் போட்டு ஜன்னலும் திறக்கிறதோ? கனடா முழுக்கச் சூடாக்க என்னால ஏலுமே, தம்பி?"

கெட்ட பழக்கம் இல்லாதவன்

சொன்னாலும் அண்ணை ஜன்னலைத் திறந்துதான் விட்டவர். அவர் போனாப் பிறகு, குளிர் அடிக்குதெண்டு அவரிட்டை வேலை செய்த ரெண்டு பேரும் சுவருக்குள்ள குளிர் மறைக்க வைக்கிற பஞ்சை எடுத்து அந்த இடைவெளியை அடைச்சுப்போட்டினம். தலை இடிச்சுது. குளிருக்கு வந்த தடிமனாக்கும் எண்டு குளிசை போட்டினம்.

ஒருத்தர் அடிக்கடி சிகரெட் பத்த வெளியில போய் வந்தார். மற்றவன் ராசன், கனடாவுக்கு வந்து ரெண்டு வருசம், ஒரு கெட்ட பழக்கமும் இல்லாத பிள்ளை. ஹீட்டருக்குப் பக்கத்தில இருந்து மத்தியானச் சோறு சாப்பிட்டவன் அப்பிடியே சரிஞ்சுபோனான். ஆஸ்பத்திரியில உயிர் தப்பிச்சுது. கை நடுக்கமும் மறதியும் விட்டுப் போகேல்லை. சிகரெட் பத்தப் போனவர் கடைக்கு வந்து என்னட்டை அழுதார். "மனிசி நாளும் பொழுதும் திட்டிற சிகரெட் என்னைக் காப்பாத்திப்போட்டுது, அண்ணை. அவனுக்கு நான் ஒண்டு குடுத்துப் பழக்கியிருக்கலாம்."

ராசன் வந்தது

இந்த விண்டருக்கு சிவம் அண்ணையோட ராசனும் வந்தான். பூச்சு வேலை அவனுக்கு இனி ஏலாது. அண்ணை தன்னோடயே கூட்டிக்கொண்டு திரியிறார். எனக்கு அவன்ர முகத்தைப் பார்க்கேலாமல் போச்சு. அந்த ஹீட்டரை நான் குடுத்திருக்கக் கூடாது, மன்னிச்சுக்கொள் எண்டன். நடுங்கிற கையை ஜக்கெற் பொக்கற்றுக்குள்ள விட்டுக்கொண்டு சொன்னான். "ஹீட்டரில பிழையில்லை, அண்ணை. இங்க வந்து எனக்குக் குளிராத ஒரே நாள் அதுதான்."

இப்ப ஆர் வந்தாலும் முதல் ஜன்னலைத்தான் விசாரிக்கிறன். ஹீட்டர்க் கடையில நிண்டு ஜன்னல் விக்கிறான் எண்டு முதலாளிக்கு என்னில கோபம்.