எலிகளுக்கு ஒரு பை

தையற்கார அம்மா கூண்டுக் கம்பிகளுக்கு நடுவே சுண்டுவிரலை விட்டுப் பார்க்கிறார். விரல் தாராளமாக நுழைகிறது. "வேணாங்க, இது கிளிக்குத்தான் ஆகும்" என்று அடுத்திருந்த இரண்டடுக்குக் கூண்டுக்கு நகர்கிறார்.

"எலிக்கு எதுக்கும்மா மாடி வீடு?" என்கிறார் கடைக்காரர்.

"ஏறி விளையாடுற உசுருங்க. தரையோட அடைச்சுப் போட்டா பாவமில்லையா?"

இது அவர் வாங்கப்போகும் இரண்டாவது கூண்டு. மேற்படிப்புக்கு வெளியூர் போன மகள், வெள்ளையும் சாம்பலுமாய் இரண்டு எலிகளை அம்மாவிடம் விட்டுப் போனாள். கண்ணாடித் தொட்டியில் காற்றில்லாமல் அவை தும்மித் தும்மிச் சோர்ந்தன. சரி, கம்பிக் கூண்டு பார்க்கலாம் என்று கிளம்பியவர், தொழில் புத்தியில் நாடாவை எடுத்து இரண்டுக்கும் வயிற்றைச் சுற்றி அளவெடுத்தார். அந்த வயிறு நுழையாத கூண்டாகப் பார்த்து வாங்கினார். தலை நுழைந்துவிட்டால் எலிக்கு வயிறு ஒரு பொருட்டா? விடிந்து பார்த்தால் கூண்டு காலி.

"ஜாக்கெட்டா தைக்கப் போறே, சுத்தளவு எடுக்க?" என்று சிரித்த கணவர், அவர் முகத்தைப் பார்த்ததும் டார்ச்சோடு கட்டிலுக்கடியில் குப்புறப் படுத்துவிட்டார். பக்கத்து வீட்டில் பூனை உண்டு. சாயங்காலம் மகள் போன் செய்வாள்.

"புள்ளை முதல்ல அதுங்களைத்தானே கேப்பா? என்னன்னு சொல்லுவேன், ஆண்டவனே!"

ஆண்டவன் கைவிடவில்லை. அலமாரியின் அடித்தட்டில், துவைத்து இஸ்திரி போட்டு, யாரும் தொடக்கூடாதென்று அவர் வைத்திருந்த மகளின் பள்ளிச் சீருடை. அதன் மடிப்பில் வெள்ளை தூங்கியது. சாம்பல், சட்டைப்பைக்குள் தலையை விட்டிருந்தது. குட்டிகளாய் வீட்டுக்கு வந்ததும் அந்தப் பையில்தான். அன்று மகள் பையைக் கையால் பொத்தியபடி வாசலிலேயே நின்றாள்: "திட்டாதேம்மா, முதல்ல பாரு."

இப்போது புதுக் கூண்டு தையல் மிஷினுக்கு எதிரே, வெயில் படாத மூலையில் இருக்கிறது. கீழே கிழித்த காகிதம், நடுவில் ஏணி, மேலே அம்மா தைத்த குட்டித் தூளி. எலிகள் தூளியை முகர்ந்துவிட்டு முகம் திருப்புகின்றன.

"புதுத்துணி பிடிக்கலையாக்கும் துரைமாருக்கு."

சீருடையை எடுத்து மடியில் போடுகிறார். கத்தரிக்கோலை எடுக்கிறார். வைத்துவிடுகிறார். ஊசி முனையால் பையின் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்து, பையை எடுத்துக் கூண்டில் மாட்டுகிறார். இரண்டும் முட்டிமோதி உள்ளே புகுகின்றன. வால்கள் மட்டும் வெளியே தொங்குகின்றன.

சீருடையில் பை இருந்த இடம் மட்டும் வெளுக்காத நீலம். அதை உள்ளங்கையால் ஒருமுறை நீவிவிட்டு, பழைய மடிப்பிலேயே மடிக்கிறார்.