ருசி பார்க்காத கேன்டீன் அக்கா

தையல் ஆலையின் கேன்டீனில் அவள் எல்லோருக்கும் அக்கா. மேனேஜருக்கும் அக்காதான், அவரைவிட இவள் இளையவள் என்பது வேறு விஷயம். அண்டாவில் குழம்பு கொதிக்கும்போது ஒரு கரண்டி மொண்டு குவளையில் ஊற்றி, ஊதி ஊதிக் குடித்துப் பார்த்து, அப்புறம் ஒரு கை உப்பைத் தூவுவாள். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமாம். அந்த ஆலையில் அவளை நினைக்காதவன் பட்டினி கிடந்தவனாகத்தான் இருப்பான்.

அப்பேர்ப்பட்டவளுக்குப் படியேறினால் மூச்சு இரைத்தது. படுத்தால் இருமல், தலையணைகளை அடுக்கிவைத்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. ரத்தக் கொதிப்பை வருஷக்கணக்காகத் 'தலைவலிதானே' என்று தள்ளிவிட்ட மகராசி! ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்.

"அவ்வளவு பிரஷரை எதிர்த்து அடிச்சு அடிச்சே உங்க இதயம் களைச்சுப் போச்சு. வேணுங்கிற அளவு ரத்தத்தைத் தள்ள முடியல. ரத்தம் பத்தலைன்னு நெனச்சு சிறுநீரகம் உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வெச்சுக்குது. அந்தத் தண்ணிதான் கால்லயும் நுரையீரல்லயும் தேங்குது. மாத்திரையை விடாதீங்க, உப்பைக் குறைங்க. அடுத்த தடவையும் வீக்கம் வடியலேன்னா சமையல் வேலையை விடத்தான் வேணும்."

அடுப்பை விடுவதா! அவளுக்குப் பாதி உயிர் அங்கேயே போய்விட்டது. வீட்டில் உப்பில்லாத சோற்றை முகம் சுளிக்காமல் விழுங்கினாள். மாத்திரை ஒன்றுகூடத் தவறவில்லை. வீக்கமோ அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் கணவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"கேன்டீன்ல எனக்குத் தெரியாம ஏதாவது திங்கறியா?"

"நானா? என் வாயில உப்பு பட்டு எத்தனை நாளாச்சு தெரியுமா! ஏதோ அண்டாவுக்கு அண்டா ருசி பாக்கறதோட சரி..." பொரிந்து தள்ளியவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ருசி பார்ப்பதைச் சாப்பாட்டில் சேர்க்கிற சமையல்காரி உலகத்தில் எங்கே இருக்கிறாள்?

மறுநாள் காய் நறுக்குபவளைக் கூப்பிட்டாள். ஓயாமல் பேசுவதால் அவளுக்கு வாயாடி என்றே பெயர்.

"அடியே, இதைக் குடிச்சுச் சொல்லு."

"உப்பு பத்தலக்கா."

"பத்தலையா? என் கை தப்புமாடி? உன் நாக்குல இடி விழ!"

குவளையை வெடுக்கென்று பிடுங்கி உதடுவரை கொண்டுபோனாள். அங்கேயே கை நின்றது. இத்தனை வருஷம் அந்த அடுப்படியில் அவள் நாக்கு வைத்ததுதானே சட்டம்! வலித்தது, நன்றாகவே வலித்தது. குவளையைக் கீழே வைத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு கை உப்பைப் போட்டாள். அதற்கப்புறம் தினமும் சண்டைதான். ஆனாலும் தினமும் வாயாடி சொன்னபடிதான் உப்பு விழுந்தது. அந்த வைராக்கியம் எனக்கு உனக்கு வருமா?

வீக்கம் மெல்ல வடிந்தது. இதயம் பழையபடி ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள், மாத்திரையும் கட்டுப்பாடும் கடைசிவரைக்கும் என்று கண்டிப்பாகச் சொன்ன டாக்டரம்மா, வேலையை மட்டும் விட வேண்டாம் என்றார்.

அன்று சாப்பிட்டு முடித்த தையல்காரர் ஒருவர் ஜன்னலோரம் வந்து நின்றார். "அக்கா, குழம்பு பிரமாதம்! இப்படி உப்பு போட உங்களை விட்டா யாரு இருக்கா?"

வாயாடி தலையைத் தூக்காமல் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா அவள் தோளைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்து வந்தாள்.

"நான் அதை வாயிலயே வைக்கலைங்க. இவ நாக்கு சொன்ன உப்பு அது. இவ இல்லேன்னா இன்னிக்கு நான் இந்த அடுப்பு முன்னாடி நின்னிருக்க மாட்டேன். சொல்றதை இவகிட்டச் சொல்லுங்க."