செல்லத்துரையர் பார்த்துக் கொடுத்த கடைசி லாரி

ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற செல்லத்துரை அவர்களின் மரண விசாரணை வரும் வியாழக்கிழமைக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. நீதிமன்ற எழுத்தர் நேற்று மாலை இதை என்னிடம் உறுதிசெய்தார். லாரி சுங்கை சிப்புட் போலீஸ் நிலையத்து முற்றத்தில் படுதா போர்த்தி நிற்கிறது. அதை நானே போய்ப் பார்த்தேன். அவர் மறைந்து இரண்டு வாரம் ஆகிறது. இவற்றுக்கு மேல் உறுதியாகச் சொல்லக் கூடியது ஒன்றுமில்லை.

இறந்த செய்தி ஒரு சனிக்கிழமை காலை வந்தது. ஈப்போ ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு ஓர் ஆளை அனுப்பியிருந்தார்கள். அவர் வாசலிலேயே நின்றுகொண்டு, "அந்த யாழ்ப்பாணத்து ஐயா விடியக்காலம் தவறிட்டாருங்க. ஒங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க" என்றார். முந்தின நாள் பொழுது சாயும்வரை நான் அவர் கட்டிலுக்கு அருகில்தான் இருந்தேன். கடைசிவரை அவருக்கு நினைவு திரும்பவில்லை. ஆகவே நடந்ததைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் நமக்குக் கிடைக்கவில்லை.

ஈப்போவிலும் சுற்றுத் தோட்டங்களிலும் பழைய லாரி வாங்க நினைத்த நம்மவர்கள் பெரும்பாலோர் அவரைத் தெரிந்தவர்கள். சண்டை முடிந்து பட்டாளத்து லாரிகள் விலைக்கு வந்தன. அவற்றைப் பின்தொடர்ந்து ஈயச் சுரங்கத்து லாரிகளும் கடைக்காரர்களின் லாரிகளும் கைமாறத் தொடங்கின. புது வண்டி நமக்கு எட்டாது. பழையதில் நல்லது எது என்று தெரியாது. செல்லத்துரையரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். மத்தியானச் சாப்பாட்டைத் தவிர அவர் எதையும் வாங்கிக்கொள்ளமாட்டார்.

அவர் பரிசோதிக்கும் முறை விற்பவர்களுக்கு எரிச்சலூட்டும். மற்றவர்கள் முதலில் என்ஜின் மூடியைத் திறப்பார்கள். இவரோ லாரியை ஒரு மேட்டில் ஏற்றச் சொல்வார். பாதி ஏற்றத்தில் என்ஜினை அணைத்துப் கைப்பிரேக்கை இழுத்துப் பூட்டச் சொல்வார். பிறகு ஓரத்துப் புல்லில் உட்கார்ந்து ஒரு சுருட்டைப் பற்றவைத்து, பின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். சுருட்டு முடியும்வரை சக்கரம் அசையக் கூடாது. ஒருமுறை, "என்ன காணும் இது, லாரி பார்க்க வந்தீரா, இளைப்பாற வந்தீரா?" என்று அவர் பாஷையிலேயே கேட்டேன். திரும்பாமலே பதில் சொன்னார்: "ஓடுறதை எல்லாரும் பாப்பினம். நிக்கிறதை நான் பாக்கிறன்."

கண்ணையாவை அவரிடம் அழைத்துப் போனது நான். கண்ணையா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ரப்பர் ஷீட்டுகளை ரயில் நிலையத்துக்கு மாட்டு வண்டிகளில் கொண்டுபோகும் குத்தகைக்காரர். கோமாரி வந்து மாடுகள் எல்லாம் போய்விட்டன. இரண்டு வண்டிகள் மட்டும் கொட்டகையில் மிஞ்சின. மாதக் கடைசிக்குள் லாரி வைத்தால் குத்தகை தொடரும், இல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போகும் என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார். கண்ணையாவால் முடிந்த விலைக்கு ஒரு பழைய லாரி வேண்டும். அது தினமும் ஓட வேண்டும், மீந்த இரண்டு வண்டிகளையும் பின்னால் கட்டி இழுக்கவும் வேண்டும். அது கிடைக்காவிட்டால் லயத்து வரிசை வீட்டில் குடியிருக்கும் அவர் குடும்பத்துக்கு அந்தத் தோட்டத்தில் வேலையில்லை.

முதலில் லகாட்டில் ஒரு சுரங்கத்து லாரியைப் பார்த்தோம். பட்டாளத்து வண்டி, காற்றடிக்காத கட்டி ரப்பர் சக்கரம். ஈய மண் ஏற்றிய ஒரு தொட்டியை அது இழுத்துக் காட்டியது. கண்ணையா வாயைப் பிளந்தார்.

"ஐயா, ஆனை மாதிரி இழுக்குதுங்க!"

"ஆனையை நில்லெண்டால் நிக்கும். உது நிக்குமோ எண்டு பாப்பம்."

நின்றது. ஆனாலும் வேண்டாம் என்றார். தோட்டத்துப் பாதையில் மூன்று மரப்பாலங்கள் இருப்பதைக் கண்ணையாவிடம் வழியிலேயே கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார். "உந்த ஆனை முதல் பாலத்திலேயே குளிக்க இறங்கிடும்" என்றார். கண்ணையா சிரித்தார். திரும்பிவரும்போது அவர் சிரிக்கவில்லை.

அடுத்தது பாகான் டத்தோவில், கொப்பரை ஏற்றிய லாரி. அதைப் போய்ப் பார்த்துத் திரும்ப ஒரு நாள் முழுதும் ஆயிற்று. விலை எல்லாவற்றிலும் குறைவு. கண்ணையா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மேட்டுச் சோதனைக்கு அங்கே மேடே இல்லை, எல்லாம் கடலோரத்துத் தட்டை நிலம். செல்லத்துரையர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லாரிக்கு அடியில் படுத்தார். வெளியே வந்தபோது உள்ளங்கை நிறையத் துரு. அதைக் கண்ணையாவின் கையில் கொட்டினார். "இந்தாரும், உம்மடை லாரியிலை கொஞ்சம். மிச்சத்தைக் கடல்காத்து திண்டிட்டுது." அப்போதும் கண்ணையாவுக்கு மனம் வரவில்லை. "பரவால்லலா ஐயா, ஒரு வருசம் ஓடுனா போதும்" என்றார். செல்லத்துரையர் வந்த வழியே நடக்கத் தொடங்கினார். அதுதான் அவருடைய 'வேண்டாம்'.

மூன்றாவது ஈப்போவிலேயே கிடைத்தது. கடைகளுக்கு ஐஸ் கட்டி கொண்டுபோன சின்ன லாரி. பலகையெல்லாம் ஊறிக் கறுத்திருந்தது. என்ஜின் சக்தி குறைவு. ஆனால் மேட்டில் ஒரு சுருட்டு முடிந்து இரண்டாவதும் முடிந்தது, சக்கரம் அசையவில்லை. "கடைக்குக் கடை நிண்டு நிண்டு போன வண்டி. நிக்கப் பழகினது. இதை எடும்" என்றார். அவர் வாயால் 'எடும்' என்ற சொல்லை நான் கேட்டது குறைவு.

சேர்த்து ஒரு நிபந்தனையும் சொன்னார். பின்னால் ஒரு வண்டிதான் கட்டலாம், அதுவும் அந்த வண்டிக்குத் தனியாக ஒரு பிரேக் பொருத்திய பிறகு. கண்ணையா வாதாடினார்.

"ரெண்டு வண்டியும் மாடு இழுத்ததுதானுங்களே. மாட்ட விட லாரிக்குப் பலம் கம்மியா?"

"இழுக்கிறது பெரிசில்லை. இறக்கத்திலை மாடு பின்னங்காலை ஊண்டித் தடுக்கும். உந்த லாரிக்குப் பின்னங்கால் இல்லைக் காணும்."

"அப்ப ரெண்டாவது வண்டிய என்ன செய்ய?"

"கோழி அடையும்."

முதல் ஓட்டத்துக்கு வெள்ளிக்கிழமை நாள் பார்த்தார்கள். தோட்டத்து மாரியம்மன் கோயில் ஒரு மேட்டில் இருக்கிறது. லாரியை அங்கே கொண்டுபோய்ப் பூசை போட்டு, பிறகு சரக்கு ஏற்றுவதாக ஏற்பாடு. ஒரு வண்டிக்கு மட்டும் மாலை போட்டிருப்பதைப் பார்த்துக் கண்ணையாவின் மனைவி கண்கலங்கினார். "ஒரே கொட்டாயில நின்ன வண்டிங்க. ஒண்ணுக்கு மாலையப் போட்டு ஒண்ண மூலையில விட்டா வெளங்குமாங்க ஐயா?" கடைசியில் செல்லத்துரையர், இரண்டையும் வெறும் வண்டிகளாகக் கோயில்வரை மட்டும் இழுக்கலாம், பூசை முடிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். வண்டிக்குப் பிரேக் பொருத்தும் வேலை அப்போதும் முடிந்திருக்கவில்லை. கோயில் முன் ஏற்றத்தில் லாரி நின்றதும், தாமே செதுக்கிவந்த இரண்டு மரக்கட்டைகளை லாரியின் பின் சக்கரங்களுக்கு அடியில் வைத்துச் சுத்தியலால் அடித்து இறுக்கினார். அதை நான் பார்த்தேன்.

இதன் பிறகு நடந்ததைப் புரிந்துகொள்ள அந்தத் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாட்டு வண்டிக்குப் பூசை போடும்போது, சக்கரத்துக்கு அடை கொடுத்த கல்லைத் தீபாராதனைக்குமுன் எடுத்துவிடுவார்கள். சக்கரத்தில் தடை இருக்கும்போது கற்பூரம் காட்டினால் அந்த வண்டியின் பிழைப்புக்கும் தடை வரும் என்பது நம்பிக்கை. நுகத்தில் மாடு நிற்கும்போது கல்லை எடுப்பதால் ஒன்றும் ஆகாது. இத்தனை காலமும் ஒன்றும் ஆனதில்லை. பூசை செய்த பண்டாரம் கற்பூரத்தை ஏற்றிவிட்டு, "கட்டைய எடுங்கப்பா" என்றார். கண்ணையா குனிந்து இரண்டு கட்டைகளையும் தட்டி எடுத்தார்.

செல்லத்துரையர் அப்போது லாரிக்கும் முதல் வண்டிக்கும் நடுவில் நின்றிருந்தார். இணைப்பு ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். லாரி பின்னோக்கி நகர்ந்தது. சில அடி தூரம்தான், அவர் நடுவில் சிக்கிக்கொண்டார். ஓட்டியவர் கண்ணையாவின் மைத்துனர் வீரன். அவர் இறங்கிவந்து, "மிதிச்சேன்ணே. மிதிச்சுக்கிட்டேதான் இருந்தேன்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேயிருந்தார். லாரியைத் தள்ளி அவரை வெளியே எடுக்க நாங்கள் எத்தனை பேர் சேர்ந்தோம் என்பது எனக்கு நினைவில்லை.

விசாரணையின் முதல் நாளில், கட்டைகளை எடுத்தது தான்தான் என்று கண்ணையா ஒளிக்காமல் சொன்னார். "ஐயாகிட்ட கேட்டேன். 'எடுக்கவாங்க'ன்னேன். தலைய ஆட்டினாரு. அப்பறந்தான் எடுத்தேன்." மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். மாஜிஸ்திரேட் என்னைக் கூப்பிட்டு, அந்தத் தலையசைப்பைப் பார்த்தீரா என்று கேட்டார். இல்லை என்றேன். செல்லத்துரையர் மறுத்தாரா என்றார். அதையும் பார்க்கவில்லை என்றேன். நான் நின்ற இடத்திலிருந்து அவர் முகம் தெரியும். ஆனால் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது, நான் அம்மனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். என்னைத் தொடர்ந்து கூப்பிடப்பட்ட நால்வரும் இதையேதான் சொன்னார்கள்.

செல்லத்துரையர் சம்மதித்திருந்தால் இது விபத்து. அவரைக் கேட்காமல் எடுத்திருந்தால் கவனக்குறைவு என்று கண்ணையாமீது வழக்கு வரலாம், சிறைக்கும் போக நேரலாம். வித்தியாசம் அந்த ஓர் அசைவுதான்.

கண்ணையா மறுநாள் என்னைத் தேடி வந்தார். பத்திரிகை அலுவலகத்துப் படியில் உட்கார்ந்தார், உள்ளே வரவில்லை.

"நீங்க கோர்ட்டுல சொன்னதுல தப்பில்லண்ணே. நான் கேக்குறது வேற. அவரு ஆட்டினாரா இல்லையா?"

"நீங்கள்தானே பார்த்தீர்கள்?"

"அன்னிக்கு ஆட்டினாருன்னுதான் எடுத்தேன். இப்ப கண்ண மூடுனா ஆட்டினாருன்னும் தெரியுது, சும்மா என்னையே பாத்துக்கிட்டு நிக்கிறாருன்னும் தெரியுது. எது நெசம்னு எனக்கே தெரியலண்ணே."

இதை வெளியே சொன்னால் உங்களுக்குத்தான் கெடுதல் என்றேன். அவர் எழுந்து வேட்டியை உதறினார். "எழுதுங்க. ஆட்டினத பாத்தவங்க வரட்டும். ஆட்டலன்னு பாத்தவங்க இருந்தா அவங்களும் வரட்டும். ஜெயில்ல போயி இத யோசிச்சுக்கிட்டு இருக்க முடியாதுண்ணே." அவர் கேட்டுக்கொண்டபடியே இங்கு எழுதியிருக்கிறேன்.

செல்லத்துரையரின் மனைவி இரத்தினம் அவர்களையும் போய்ப் பார்த்தேன். அவர் அடுப்பங்கரையில் கணவருடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். கேட்கத் தயங்கிக் கேட்டேன். "அந்தாள் லேசிலை ஒருத்தருக்கும் தலையாட்டினதில்லை. கலியாணத்துக்குக்கூட வாயாலைதான் ஓமெண்டவர்" என்றார். நான் எழுந்துவிட்டேன். வாசல்வரை வந்து, "ஆனா ஒண்டு சொல்லுறன். சாமிக்கு முன்னாலை நிக்கேக்கை அவர் என்ன செய்வாரெண்டு எனக்குத் தெரியாது. நானும் கண்ணை மூடிக்கொண்டுதானே நிப்பன்" என்றார். கண்ணையாவைத் தாம் ஒன்றும் சொல்லவில்லை என்று அவரிடம் தெரிவிக்கச் சொன்னார். தெரிவித்தேன். அது அவருக்கு உதவியதாகத் தெரியவில்லை.

நண்பர் ஒருவர் போனால் அவரைப் பற்றி எதையாவது பிடித்துக்கொள்கிறோம். அவருடைய பகிடிகளும் பிடிவாதமும் எனக்கு இருக்கின்றன, உங்களில் பலருக்கும் இருக்கும். ஆனால் நான் கண்விழிக்கும்போதெல்லாம் முன்னால் வருவது, நான் பார்த்திருக்க வேண்டியதும் பார்க்காததுமான அந்த முகம். அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அதுதான். அதை வைத்துக்கொண்டு யாருக்கும் எதுவும் செய்ய முடியவில்லை.

லாரியைச் சோதித்தவரின் அறிக்கை வியாழக்கிழமை காலை தாக்கலாகும் என்கிறார்கள். விசாரணை முடியும்வரை லாரியை விடமாட்டார்கள். துரை கொடுத்த கெடு அதற்கு முந்தின நாளோடு தீர்கிறது. அதை நீட்டிப்பாரா என்று கேட்டு அனுப்பியதற்குத் தோட்டத்து ஆபீஸ் கிராணியிடமிருந்து இன்னும் பதில் இல்லை. அன்று கோயில் முன் முப்பது பேருக்குக் குறையாமல் நின்றோம். உங்களில் யாராவது கண்ணைத் திறந்திருந்தால், புதன்கிழமைக்குள் வந்து சொல்லுங்கள்.