எதால் வகுபடும்?

எங்கள் வீட்டுத் தொலைபேசி எண் 73939133. அது பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாது. கடைசி இலக்கத்தை வெட்டினால் 7393913. அதுவும் பகா எண். வெட்டிக்கொண்டே போய் வெறும் 7 நிற்கும்வரை அப்படித்தான். இந்தக் குணமுள்ள எண்களில் இதுவே மிகப் பெரியது. பின்னால் எந்த இலக்கத்தை ஒட்டினாலும் குணம் கெட்டுவிடும்.

கல்லூரியில் படித்தபோது வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அப்பாவிடம் இதைச் சொன்னேன். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதை.

அப்பா லேத் பட்டறைக்காரர். "வெட்ட வெட்டக் கெடாத சரக்கு நம்ம நம்பரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் விளக்கினார். அவசரத்துக்கு மெஷினுக்கு ஒரு புஷ் வளையம் கடைய வந்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்கள். நல்ல வீடு அமைந்தபோதும் நம்பர் மாறுமென்று குடிபோக மறுத்தார். ஒழுகும் சமையலறையில் அம்மா சட்டி வைத்துக் காலம் தள்ளினாள்.

போன வருடம் எல்லா எண்களின் கடைசியிலும் ஒரு 3 சேர்க்கப்போவதாக அறிவிப்பு வந்தது. அப்பா தொலைபேசி அலுவலகத்துக்குக் கிளம்பினார். நானும் போய்த் தொலைத்தேன்.

"எங்க லைனை மட்டும் விட்டுடுங்க சார். மூணு சேத்தா வகுபட்டுடும்."

"எதால வகுபடும்?" என்றார் அங்கிருந்த அதிகாரி.

அப்பாவுக்குத் தெரியவில்லை. அதிகாரி சிரித்தார். "அதைக் கண்டுபிடிச்சுட்டு வாங்க பெரியவரே."

வெளியே வந்ததும் சொன்னேன். "கம்ப்யூட்டர்ல ஒரு நொடிப்பா."

"அடுத்தவன் அளந்த அளவுக்கு நான் என்னைக்கு வெட்டியிருக்கேன்?"

லேத்தின் தகர மூடியில் சாக்பீஸால் தொடங்கினார். 739391333-ஐ ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுப்பார். மீதி வந்தால் அடித்துவிட்டு அடுத்தது. வேலைக்கு நடுவில் எனக்குப் போன்.

"எழுபத்தொண்ணும் மாட்டலம்மா."

"பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

"மீதி முப்பத்தொண்ணு வருது."

அம்மா பின்னாலிருந்து கத்துவாள்: "வகுத்து வகுத்து மனுஷன் பாதியாயிட்டாரு, இதுல மாத்திரையாம்!"

மாத்திரை போடவில்லை. ஒருநாள் லேத்தடியிலேயே விழுந்து இறந்தார்.

இணைப்பை அம்மா பேருக்கு மாற்றப் போனேன். அதே அதிகாரி. "பெரியவர் வரலையா? எதாலன்னு கண்டுபிடிச்சுட்டு வரச் சொன்னேனே?" இறந்துவிட்டார் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குத்தான் எரிச்சல் அடங்கவில்லை. அப்பா பதில் சொல்ல முடியாமல் போனவராகவே அந்த ஆள் மனதில் இருப்பார்.

நேராகப் பட்டறைக்குப் போனேன். தகர மூடியில் கடைசி வரி: 113, மீதி 15. அடுத்த பகா எண் 127. கைபேசியில் கணக்கிட்டிருக்கலாம். சாக்பீஸை எடுத்தேன். ஈவு 5821979. மீதி இல்லை.

திரும்பப் போட்டேன். மீதி இல்லை.

73939133-ஐ அழைத்தேன். அம்மா எடுத்தாள்.

"நூத்தியிருபத்தேழும்மா."

"எது?"

"அப்பா தேடினது. அவர் விட்ட இடத்துக்கு அடுத்ததே அதுதான்."

மூக்கைச் சிந்தும் சத்தம்.

"எதுலதான் பொறுமை இருந்துச்சு அந்த மனுஷனுக்கு? சரி, அந்த ஆபீஸ் மூடறதுக்குள்ள போய்ச் சொல்லிட்டு வா. நம்பர் மாறினா மாறட்டும். எதாலன்னு கேட்டான்ல?"