கணினி அறை வாசலில் செல்வி

மகள் டேப்லெட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். விடை தப்பு. "பரவாயில்லை, இன்னொரு தடவை பார்க்கலாம்" என்றது அதிலிருந்த குரல். சமைத்துக்கொண்டிருந்த எனக்கு எங்கள் ரப்பர் தோட்டப் பள்ளியின் ஞாபகம் வந்துவிட்டது.

முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வந்தபோது, பள்ளியிலேயே ஏர்கோன் இருந்த அறை அது ஒன்றுதான். கதவைத் திறந்தால் குளிரும் புது பிளாஸ்டிக் வாசனையும் முகத்தில் அடிக்கும். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரிசையில் நிற்போம். டீச்சர் ஒவ்வொருவர் கையையும் முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார்.

என் பக்கத்தில் உட்காரும் செல்வி, காலையில் அம்மாவோடு பால்மரக் காட்டில், கோப்பைகளில் உறைந்து நாறும் கட்டிப்பாலைப் பொறுக்கிவிட்டுப் பள்ளிக்கு வருவாள். எத்தனை சோப்பு போட்டாலும் அந்த நாற்றம் போகாது.

"இந்தக் கையால தொட்டா மெஷின் நாறிடும்லா. வெளியில நின்னு சப்பாத்த அடுக்கு" என்றார் டீச்சர். வகுப்பே சிரித்தது.

வீட்டுக்குப் போனவள் துணி வெளுக்கும் மருந்தில் கைகளை ஊற வைத்திருக்கிறாள். அடுத்த வகுப்பன்று, தோல் உரிந்து சிவந்துபோன கைகளை ஆசையோடு நீட்டினாள்.

"இப்ப வாசம் இல்ல டீச்சர்."

டீச்சர் குனிந்து பார்த்தார். "புண்ணா இருக்கே, கீபோர்டுல ஒட்டிக்கும். வெளியவே நில்லு."

அந்தக் கைகளாலேயே செல்வி எங்கள் சப்பாத்துகளை அடுக்கினாள். மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை.

இப்போது புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டுகிறாள். அவள் மகளும் என் மகள் வகுப்புதான். பள்ளியில் அந்தப் பிள்ளைக்கும் ஒரு டேப்லெட் கொடுத்தார்கள். அவர்கள் தோட்டத்தில் இன்னும் இன்டர்நெட் லைன் கிடைப்பதில்லை.