பாறையில் காய்ந்த நூலகம்

2005 மழைக்காலத்தில் நான் மதுரைப் பக்கம் போனது மீனாட்சியைப் பார்க்க அல்ல, ஒரு பள்ளிக்கூடத்தின் நனைந்த புத்தகங்களைப் பார்க்க. நண்பர்கள் சிலர் சேர்ந்து சென்னையில் ஒரு சின்ன அறக்கட்டளை நடத்துகிறார்கள். புயல், வெள்ளம் என்று அடிபட்ட பள்ளி நூலகங்களைத் திரும்ப எடுத்து நிறுத்த நிதி கொடுப்பது அவர்கள் வேலை. கொடுப்பதற்கு முன் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து, படம் எடுத்து, என்னென்ன போயிற்று என்று எழுதித் தர வேண்டும். போனதற்குத்தான் நிதி, இருப்பதற்குக் கிடையாது. நான் சிம்மக்கல்லில் பிறந்து வளர்ந்தவள். "உங்க ஊருதானே, நீயே போ" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். கட்டாவிட்டாலும் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருப்பேன், அது வேறு கதை.

கையில் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. திங்களன்று அவர்கள் கூடி முடிவெடுப்பார்கள். அந்த மழையில் அடிபட்ட பள்ளிகள் வேறு மாவட்டங்களிலும் இருந்தன, இருந்த நிதியோ ஒரு பள்ளிக்குத்தான் காணும். ஆக, நான் எடுத்து வரும் படங்களை வைத்துத்தான் இந்தப் பள்ளிக்கு நூலகம் உண்டா இல்லையா என்பது.

காலை ஆறரைக்கு ஜங்ஷனில் இறங்கினேன். அக்கா வீட்டில் குளித்து, நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு (மதுரை இட்லிக்குச் சென்னையில் ஈடு கிடையாது, சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்) எட்டு மணிக்கு சிம்மக்கல்லில் ஆட்டோ பிடித்தேன். பெரியார் நிலையத்திலிருந்து டவுன் பஸ் உண்டு. ஆனால் கீழக்குயில்குடியோடு நின்றுவிடும், நான் போக வேண்டிய ஊர் அதற்கும் அந்தாண்டை இரண்டு கிலோமீட்டர்.

ஆட்டோக்காரர் சிக்கந்தர், ஐம்பது வயதிருக்கும். "அம்புட்டு தூரம் போனா ரிட்டன் சவாரி கிடைக்காதுக்கா. முந்நூறு குடுங்க" என்றார்.

"நானும் மதுரைக்காரிதான்ணே."

"அத மொதல்லயே சொல்லக்கூடாதா? இருநூத்தம்பது குடுங்க, வெயிட்டிங்குக்குக் காசு வேணாம்."

காளவாசல் தாண்டி, தேனி ரோட்டில் நாகமலைப் புதுக்கோட்டை வரை நல்ல சாலை. அங்கே இடதுபுறம் திரும்பியதும் குண்டும் குழியுமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் சமணர் மலை எதிரே வந்தது. அதற்கு முன்பு எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், மேலே ஏறி, சமணத் துறவிகளின் கற்படுக்கையில் படுத்தும் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மழையில் கழுவிவிட்ட மாதிரி புதிதாக இருந்தது. அடிவாரத்துத் தாமரைக்குளம் நிரம்பி வழிந்தது. வயல்களில் மட்டும் பயிர் சாய்ந்து, சேறு பூசிக் கிடந்தது. கண்மாய்க் கரை உடைந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.

ஊர்ப் பேரைப் போடக் கூடாது என்று தலைமையாசிரியை கேட்டுக்கொண்டதால் போடவில்லை. அவர் பெயர் சுந்தரவல்லி டீச்சர். வாசலிலேயே நின்று வரவேற்று, "மொதல்ல கலர் குடிங்க" என்று ஒரு பாட்டிலை உடைத்துக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார். பிறகு நூலக அறைக்குக் கூட்டிப்போனார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுவரில் சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. தரை பளிச்சென்று இருந்தது. அலமாரித் தட்டுகளில் செய்தித்தாள் விரித்து, புத்தகங்கள் நெட்டுக்குத்தாக வரிசை கட்டி நின்றன. வாசலில் மாக்கோலம் வேறு. இந்த அறைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது என்று எழுதியிருந்தார்களே! வெள்ளம் இங்கே வந்ததா, பக்கத்து ஊருக்கு வந்ததா? கேமராவை எடுத்தேன், எதைப் படம் எடுப்பதென்று தெரியவில்லை.

அலமாரி அருகே போய்ப் பார்த்தேன். ஒரு கோலப் புத்தகம். அடுத்து டிராக்டர் ஓட்டுவதற்கான விளக்கப் புத்தகம். அதற்கடுத்து கோழி வளர்ப்பு, அதன் பக்கத்தில் பஞ்சாங்கம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பஞ்சாங்கத்தை வைத்து என்ன செய்வார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ஒரு அம்மா மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

"டீச்சர், அந்தப் பஞ்சாங்கத்தக் குடுங்க. சம்பந்தகாரவுக வந்து உக்காந்துருக்காக, வளைகாப்புக்கு நாள் பாக்கணும்" என்றவர், என்னைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஆத்தி! வந்தவுக போயிட்டாகன்னுல்ல நெனச்சேன்."

டீச்சர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பஞ்சாங்கத்தை எடுத்துக் கொடுத்து அந்த அம்மாவை அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மெட்ராஸ்ல இருந்து ஒருத்தங்க நம்ம பள்ளிக்கூடத்தத் தேடி வாராங்க. சேறும் சகதியுமாவா காட்டுறது? ஊரே சேந்து வெள்ளையடிச்சாங்க. அலமாரி வெறிச்சோடிக் கிடந்துச்சா, வீட்டுக்கு வீடு கைக்குக் கிடைச்சதக் கொண்டாந்து அடுக்கிட்டாங்க."

"டீச்சர், நான் சேதத்தப் பாக்கத்தான வந்திருக்கேன்!"

கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஆனால் இந்தத் தப்பு எனக்குப் புதிதில்லை. விருந்தாளி வந்துவிட்டால் பக்கத்து வீட்டு ஜமக்காளத்தை வாங்கி விரித்து, எதிர் வீட்டு டம்ளரில் காபி கொடுக்கிற ஊர் எங்களுடையது. வீடு ஒழுகினாலும் ஒழுகாத மூலையில்தான் விருந்தாளியை உட்கார வைப்போம். அதையே பள்ளிக்கூடத்துக்கும் செய்துவிட்டார்கள். இந்த அறையைப் படம் எடுத்துக்கொண்டு போனால் நிதி நிச்சயமாக வேறு ஊருக்குத்தான்.

"நனைஞ்ச புத்தகமெல்லாம் எங்க?"

டீச்சர் ஜன்னல் வழியாக மலையைக் காட்டினார். "பாறைல."

சிக்கந்தர் அண்ணன் ஆட்டோவைத் திருப்பினார். மலையின் பின்பக்கம், ஊர்க்காரர்கள் எள்ளும் மிளகாயும் காயப்போடுகிற தாழ்வான பாறை ஒன்று இருக்கிறது. அதன் மேல் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். பாறை முழுக்கப் புத்தகங்கள். விரித்து வைத்து, பறக்காமல் இருக்கப் புத்தகத்துக்கொரு கல். ஒட்டிய பக்கங்களுக்கு நடுவே பழைய வேட்டித் துணி கிழித்து வைத்திருந்தார்கள். பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பாறையைப் பங்கு பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி "திருப்பிப் போடு!" என்று கத்தியதும் எல்லோரும் எழுந்து தங்கள் பங்குப் புத்தகங்களில் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார்கள். நெல்லைக் கிண்டிவிடுகிற மாதிரிதான். பத்து நாளாக இதுதான் நடக்கிறதாம். மேகம் கூடினால் அள்ளிக்கொண்டு ஓடுவது, வெயில் வந்தால் திரும்ப விரிப்பது.

பாண்டீஸ்வரி என்றொரு பெண், ஏழாம் வகுப்பு, பணியாரம் மாதிரி உப்பியிருந்த ஒரு கதைப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். "இது நான் காய வச்சதுக்கா. மொத மூணு பக்கம் போயிருச்சு. ஆனா கதை புரியும்."

படம் எடுத்துத் தள்ளினேன். பிறகு டீச்சரும் நானும் உட்கார்ந்து, பிழைத்தது எது, போனது எது என்று பிரித்தோம். ஏறக்குறைய பாதி பிழைத்திருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: காய்ந்த ஒவ்வொரு புத்தகமும் நிதியில் ஒரு புத்தகத்தைக் குறைக்கும்.

"டீச்சர், எல்லாமே உப்பிக் கெடக்கு. மொத்தமும் போச்சுன்னே எழுதிரலாம். யாரும் கேக்கமாட்டாங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பிள்ளைங்க எம்புட்டு நாளா வெயில்ல நிக்குதுக. போச்சுன்னு எழுதுனா, அதுக நின்னது எதுக்கு? காஞ்சதக் காஞ்சதுன்னே எழுதுங்க."

"நிதி குறையும்."

"குறையட்டும். இல்லாததுக்குத்தான கேக்குறோம்?"

அப்படியே எழுதினேன். வெயிலில் நின்றதாலோ என்னவோ கண் கலங்கியது. இல்லை, வெயிலால் இல்லை, பெருமையால்தான். திரும்பும்போது சிக்கந்தர் அண்ணனிடம் முந்நூறாக நீட்டினேன். "பேசுனது பேசுனதுதான்க்கா" என்று ஐம்பதைத் திருப்பிக் கொடுத்தார். எல்லோருமாகச் சேர்ந்து அன்றைக்கு என்னை ஒரு வழி பண்ணிவிட்டார்கள்.

திங்கட்கிழமை கூட்டத்தில், "இங்கேதான் பாதி பிழைத்துவிட்டதே, மொத்தமும் போன பள்ளிக்குக் கொடுக்கலாமே" என்றார் ஒருவர். நான் பாறைப் படங்களை மேஜையில் பரப்பினேன். "நனைஞ்சதையே விடாத ஊரு. புதுசாக் குடுக்குறத விட்டுருவாங்களா?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று. போனதற்கான நிதி முழுசாகக் கிடைத்தது. பாதிப் புத்தகம் காய்ந்ததால் மிச்சமான நிதியை, மொத்தமும் போன அந்தப் பள்ளிக்குக் கொடுத்தார்கள். டீச்சர் உண்மையை எழுதச் சொன்னதால் இரண்டு பள்ளிகள் பிழைத்தன.

அடுத்த ஜூனில் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்தேன். தண்ணீர் நின்ற உயரத்துக்குச் சுவரில் ஒரு நீலக்கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள தட்டுகள் காலி. "அடுத்த தடவ கண்மாய் வந்தா வந்து உக்காந்துட்டுப் போகட்டும்" என்றார் டீச்சர். மேலே புதுப் புத்தகங்கள் விறைப்பாக நின்றன. பாறையில் காய்ந்தவற்றை இந்தத் தடவை ஒளிக்கவில்லை, வாசலுக்கு நேராக நடுத்தட்டில் வைத்திருந்தார்கள். இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் கை முதலில் அங்கேதான் போனது.

சமணர் மலைப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு: மார்கழி, தை மாதங்கள் நல்லவை. மற்ற நாட்களில் ஒன்பது மணிக்குள் மலையிலிருந்து இறங்கிவிடுங்கள், பாறை சுடும். தண்ணீர் எடுத்துப் போங்கள், மேலே கடை கிடையாது. பக்கத்துப் பள்ளிகள் எதற்காவது உதவி செய்வதற்காகப் போகிறீர்கள் என்றால், முன்கூட்டியே தகவல் சொல்லாதீர்கள், வெள்ளையடித்துவிடுவார்கள். கலர் கொடுத்தால் மறுக்காமல் குடியுங்கள். படிக்க ஒரு நல்ல புத்தகம் கொடு என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். உப்பிப்போன ஒன்றைத்தான் எடுத்து நீட்டுவார்கள். முதல் மூன்று பக்கம் இருக்காது. ஆனால் கதை புரியும்.