பவர் ஹவுஸ் மணிக்குச் சளி

போர்ட் பிளேர் பவர் ஹவுஸில் நான் இன்ஜின் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு தானியங்கி மணியைக் கொண்டுவந்து மாட்டினார்கள். எண்ணெய் அழுத்தம் இறங்கினாலும் சூடு ஏறினாலும் தானே அடிக்கும். நல்ல சாமான்தான். ஆனால் மழைக்காலம் வந்தால் போதும், ஈரம் புகுந்து ஒன்றுமில்லாததற்கெல்லாம் கத்தித் தொலைக்கும். "ஜுகாம் ஹோ கயா" என்பார் என் வங்காளி ஃபோர்மேன்; அவரை நான் 'தாதா', அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவேன். சளி பிடித்த மணியின் பெட்டியைத் திறந்து துணியால் துடைப்போம். அடங்கிவிடும்.

அப்படியொரு மழைக்காலத்தில் ஒரு நாள் பிற்பகல் என் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தாள். குழந்தை குறுக்கே கிடக்கிறது, ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. இன்னொரு இன்ஜின், மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவேண்டிய பாகத்துக்காகப் பிரித்துப்போட்டபடி கிடந்தது. ஆஸ்பத்திரிக்கும் ஊருக்கும் இருந்தது ஒற்றை இன்ஜின்தான். வெளியே இருட்டிக்கொண்டு மழை கொட்டியது.

மணி அடித்தது. துடைத்தேன். நிற்கவில்லை. "உனக்கு இன்னிக்குத்தானா சளி பிடிக்கணும், சனியனே!" என்று வைதுகொண்டே மறுபடி துடைத்தேன். அப்போதும் நிற்கவில்லை. பேரிங் மூடியில் கையை வைத்தேன். அய்யோ! உள்ளங்கை பொசுங்கிவிட்டது. இந்தத் தடவை மணிக்குச் சளி இல்லை.

"பந்த் கரோ!" என்று ஃபோர்மேன் கத்தினார். நிறுத்தாவிட்டால் இன்ஜின் இறுகிச் செத்துவிடும். நிறுத்தினால் அவளுக்கு மேல் எரிகிற விளக்கு அணைந்துவிடும்.

"ருக்கோ தாதா, ருக்கோ! கொஞ்சம் பொறுங்க! என் வீட்டுக்காரி டேபிள்ல கிடக்கா தாதா!"

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். வயிற்றைத் திறந்தாகிவிட்டது, முடிந்ததும் சொல்கிறோம் என்றார்களாம். இன்ஜினுக்குச் சுமை குறையட்டும் என்று ஊர் லைன்களையெல்லாம் துண்டித்துவிட்டு, ஆஸ்பத்திரி லைனை மட்டும் விட்டுவைத்தார். நான் பேரிங்கில் எண்ணெய் ஊற்றினேன். அவர் ஈரச் சாக்கைப் போர்த்தினார். சாக்கு ஆவியடித்தது. இன்ஜினின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

போன் அடித்தது. எடுக்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் எடுத்தார்.

"தோனோ டீக்," என்றார். ஆபரேஷன் முடிந்துவிட்டது, இரண்டு பேரும் நலம்.

நான்தான் நிறுத்தப் போனேன். கை லீவரைப் பிடித்தது. இழுக்கவில்லை. அவள் இன்னும் அங்கேதானே படுத்திருக்கிறாள் என்றே தோன்றிக்கொண்டிருந்தது. கடைசியில் ஃபோர்மேன் என் விரல்களை லீவரிலிருந்து பிரித்தெடுத்துவிட்டு, அவரே இன்ஜினை நிறுத்தினார்.